வீடு கட்டியவரின் முகவரி

படிவங்களை நிரப்புவது எனக்குப் பிடித்த வேலை, ஐயா. இருபத்திரண்டு ஆண்டுகளாக சர்க்கார் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். என் தாள்களில் அடித்தல் திருத்தல் இருக்காது. அதனால்தான் இரண்டு மாதம் முன்பு தங்கள் வருமான வரி அலுவலகத்துக்கு அனுப்பிய பதிலில் ஒரு பிழை இருப்பது என்னை உறுத்துகிறது.

தாங்கள் கேட்டவை மூன்று. எடமலைப்பட்டி புதூரில் என் புது வீட்டைக் கட்டித் தந்தவர் பெயர், அவர் முகவரி, அவருக்குக் கொடுத்த தொகை. யாருக்கும் ஒப்பந்தம் விடவில்லை, தினக்கூலி ஆட்களை வைத்து நானே கட்டினேன் என்று எழுதினேன். உண்மைத் தொகையை எழுதினால், என் சம்பளத்தில் அது எப்படி வந்தது என்று நான்காவது கேள்வி வரும். வேலை போகும். இரண்டு மகள்களுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நேரில் வந்து வீட்டைப் பார்ப்பதாகத் தாங்கள் எழுதியபோதுதான் மூடி நினைவுக்கு வந்தது.

வீட்டைக் கட்டியவர் பொன்மலை சவரிராயன். நல்ல வேலைக்காரர். எந்த வீட்டை முடித்தாலும், கடைசியாகப் போட்ட சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே கரண்டி நுனியால் தன் பெயரையும் வருடத்தையும் எழுதிவிடுவார். என் வீட்டில் அது கொல்லையில் இருக்கும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி. 'சவரிராயன், 1982.'

ஒரு சனிக்கிழமை காலை அவரை வரவழைத்தேன். மனைவியும் மகள்களும் லால்குடி போயிருந்தார்கள். காபி கொடுத்தேன்.

"பேரைக் கொத்தி எடுத்துடுங்க மேஸ்திரி. யாராவது கேட்டா, இங்க வேலை பாக்கலைன்னு சொல்லிடுங்க."

சிரித்தார். "நல்லா இருக்கே சார். வீடு என்ன, தானா முளைச்சுதா? கலவை மெஷின் வாங்க பேங்க்ல லோன் கேட்டிருக்கேன். வரி கட்டுன பேப்பர் கொண்டாங்கிறாங்க. உங்க வீடுதான் நான் காட்டுற பெரிய வேலை. அதைப் பத்திதான் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

"அப்புறம் சொல்லுங்க. முதல்ல தொட்டியைப் பாருங்க. அடியில விரிசல் விட்டிருக்கு."

"என் வேலையிலயா?"

முகம் மாறிவிட்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இருவருமாகக் கடப்பாரையால் மூடியை நெம்பி நகர்த்தினோம். ஏணி வைத்து இறங்கினார். குழாய் இணைப்பு வராததால் தொட்டி காய்ந்து கிடந்தது. சுவரெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்.

"எங்க சார் விரிசல்? ஒண்ணையும் காணோமே."

உண்மைதான். மயிரிழை விரிசல்கூட இல்லை.

ஏணியை மேலே எடுத்தேன். மூடியைத் தனியாளாக நகர்த்தும் வழியை அவர்தான் எனக்குக் காட்டியிருந்தார். விளிம்பைச் சுற்றிப் பூசினேன். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல், அதுவும் அவர் சொன்ன அளவு. பெயரின் மேலும் பூசினேன். உள்ளேயிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். மதுரை ரோட்டில் பஸ் போகிற சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. திங்கட்கிழமை நான் அலுவலகம் கிளம்பும்போது சத்தம் எதுவும் இல்லை.

அவர் மனைவி பாக்கியமேரி இரண்டு முறை வந்து, "இங்க வந்தாரா சார்?" என்று கேட்டார். வந்தார், காபி குடித்தார் என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தாங்கள் வந்தீர்கள். அந்த மூடியின் மேல் நாற்காலி போட்டுத்தான் மோர் குடித்தீர்கள். பூச்சு வேலை சுத்தமாக இருக்கிறது என்றீர்கள்.

நேற்று தங்கள் மூன்றாவது கடிதம் வந்தது. என்னிடம் வருவதற்கு முந்தின நாளே சவரிராயன் தன் கணக்கைத் தாக்கல் செய்து, என் வீட்டையும் தொகையையும் அதில் எழுதியிருக்கிறார். அந்த விஷயத்தைத்தான் சொல்ல வந்திருக்க வேண்டும். காபி குடிக்கும்போதே சொல்லியிருந்தால் இருவருக்கும் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது.

ஆகவே என் பழைய பதிலைத் திருத்திக்கொள்கிறேன். வீட்டைக் கட்டியவர் சவரிராயன். தொகை, அவர் எழுதியதே சரி. பொய்க் கணக்கு எழுதுகிற ஆள் அல்ல. முகவரி மட்டும் பொன்மலை என்று இருப்பதை அடித்துவிட்டு, என் வீட்டு முகவரியைக் குறித்துக்கொள்ளவும். கொல்லைப் பக்கம்.

விவரங்களை நானாகவே முன்வந்து தெரிவித்திருப்பதால், அபராதத்தைத் தள்ளுபடி செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நல்லுசாமி