மூன்றாவது தட்டு

மதியம் மூன்று மணி. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று எவன் சொன்னான்? நம் தீவின் ஷ்லெண்டித் துறையை விட்டு மேற்கே போனால் செங்குத்துப் பாறைகள்... அவற்றின் அடியில் கடல்வழி... அந்த வெயிலில் ஒரு மீன்படகுகூட இருக்காது. அந்த இடம்தான்.

விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள். கிட்ட வந்து உட்காருங்கள். சவேர் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். இது அவன் தங்கை செட்டா வீட்டில் நடந்தது. நினைத்தால் எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் கோபம் வருகிறது.

செட்டாவின் புருஷன் நார்டு. அவன் தம்பி விஸ்டின். இருவருக்கும் ஒரே படகு. வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றிக் காட்டுவார்கள். நிதானமான சவாரி. நடுவில் ஒரு குளியல், ரொட்டி, சூரை மீன், கொஞ்சம் ஒயின். சுக்கான் விஸ்டின் கையில். படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் கயிறு சிக்கினால் நார்டு குதிப்பான். கயிற்றை அறுத்து, விலகி வந்து, அடிப்பலகையில் மூன்று தட்டு தட்டுவான். டொக்... டொக்... டொக். மூன்றாவது கேட்ட பிறகுதான் விஸ்டின் எஞ்சின் சாவியைத் தொட வேண்டும். இரண்டு வரைக்கும் கத்தி பலகையில் இடித்த சத்தமாக இருக்கலாம். அவர்கள் அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

ஏப்ரலில் ஒரு நாள் அந்தப் பாறைக்குக் கீழே கயிறு சிக்கியது. பயணிகளுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம். நார்டு குதித்தான். அப்புறம் தண்ணீர் சிவந்ததுதான் மிச்சம்.

"மூணும் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் சாவியத் திருப்பினேன்" என்று விசாரணையில் சொன்னான் விஸ்டின்.

"வெளிய வராம அவரு மூணாவது தட்ட மாட்டாரு" என்றாள் செட்டா. யார் கேட்டார்கள்? அடியில் இருந்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறான்?

வீட்டில் சாவு விழுந்தால் படகின் மூக்கில், கண் வரைந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மீசை மாதிரி வளைந்திருக்கும் பட்டைக்குக் கறுப்பு அடிப்போம். ஒரு வருஷம் இருக்கும். செட்டா தன் கையாலேயே அடித்தாள். ஜூன் பிறந்ததும் விஸ்டின் என் பெயின்ட் பட்டறைக்கு வந்தான்.

"கறுப்போட போனா எவன் ஏறுவான்? சவ வண்டியானு கேப்பான். மஞ்ச அடி தூமாஸ்."

நான் அடித்தேன். சீ... இந்தக் கைதான். பெயின்ட் டப்பாவை மூடும்போது செட்டா வந்து நின்றாள்.

"ரெண்டு பூச்சு அடிச்சியா? கறுப்பு லேசுல மறையாது."

அந்த வாரமே விஸ்டின் ஒரு வயதான ஜெர்மன் தம்பதியை ஏற்றிக்கொண்டு போனான். சரியாக மூன்று மணி. பாறைக்குக் கீழே எஞ்சின் தானாக நின்றது. காற்றே இல்லை. டீசல் வாடை போய்ப் புதுப் பெயின்ட் வாடை வந்ததாம்.

டொக்... டொக்.

அடியிலிருந்து. கிழவி ஏதோ மீன் என்று சிரித்தாளாம். விஸ்டினின் கை சாவிமேல் இருந்தது. மூன்றாவது வரவில்லை... ஒரு மணி நேரம் போனது. கிழவர் சாவியைக் காட்டிக் காட்டிக் கத்தினார். இவன் திருப்பவே இல்லை. கடைசியில் அவர்தான் கைபேசியில் உதவிக்குக் கூப்பிட்டார்.

இழுத்து வரப் போன படகில் நானும் இருந்தேன். இந்தக் காதால் கேட்டேன். விஸ்டின் குப்புறப் படுத்து, வாயைப் பலகையில் வைத்து, தண்ணீருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ரெண்டுதான் கேட்டுச்சுண்ணே. அவங்க அவசரப்படுத்தினாங்கண்ணே. ரெண்டுதான்."

கரைக்கு வந்து பார்த்தோம். விசிறியில் கயிறே இல்லை. மஞ்சளாகக் கிளம்பிப் போன மீசைப் பட்டை கறுப்பாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. முப்பது வருஷமாகப் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். எண்ணெய்ப் பெயின்ட் காய ஒரு முழு நாள் வேண்டும்.

"போய் செட்டாகிட்டச் சொல்லுடா" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? மூணு கேட்டுச்சு."

கரையேறியதும் நாக்கு புரண்டுவிட்டது. அப்போதே அவன் பல்லைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. செட்டாவிடம் நானாவது சொல்லியிருக்க வேண்டும். அதுவும் செய்யவில்லை. மஞ்சள் அடித்தவன் எந்த முகத்தோடு போவான்?

மறுநாள் காலையில் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு மறுபடி வந்தான். அடிக்க முடியாது என்றேன். அவனே அடித்துக்கொண்டான். அது காய்வதற்குள், எஞ்சினைச் சோதிக்கப் போகிறேன் என்று தனியாகக் கிளம்பினான்.

சாயங்காலம் தேடிப் போனோம். அதே பாறை. படகு மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. பாதி கடித்த ரொட்டி இருந்தது. பட்டை கறுப்பு.

விஸ்டின் இன்று வரை கரை ஒதுங்கவில்லை.

துறையில் செட்டா நின்றிருந்தாள். அழவில்லை. படகையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எஞ்சின் ஓடிட்டிருந்துச்சா?"

"ஓடிட்டுதான் இருந்துச்சு" என்றேன்.

"அப்ப மூணாவதையும் தட்டிட்டாரு" என்றாள்.