ஒன்றரை மீட்டருக்குக் கீழே

அவைக்குத் தலைமை தாங்கி, என் நீண்ட பேச்சையும் தாங்கப்போகும் தலைவர் அவர்களே! கம்பி இழுத்துக் காய்த்துப்போன கைகளோடு வந்திருக்கும் மூத்த தொழிலாளர்களே! டவர் ஏறிய பிள்ளை இறங்கும்வரை உயிரைக் கையில் பிடித்திருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில் ஊன்றுகோலை மடியில் கிடத்தி, என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அக்காவே! எல்லோருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

கைப்பேசி அலை எங்கெங்கே எட்டும் என்று முன்கூட்டிக் கணித்து வரைபடம் போடுவது என் தொழில். அந்த வரைபடத்துக்காகத்தான் இன்று எனக்குக் கேடயம் கொடுத்தீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத அலை அது! கூரையைக் கண்டால் வளையும். கண்ணாடியைக் கண்டால் நுழையும். கான்கிரீட்டைக் கண்டால் களைத்துப்போகும். டவர் எத்தனை உயரம்? வீடு எத்தனை தூரம்? நடுவே கட்டடமா, மரமா, மேடா? அத்தனையும் கொடுத்தால் கணினி ஒரு தெருவைப் பச்சையாக்கும், ஒரு தெருவைச் சிவப்பாக்கும். பச்சை என்றால் பேசலாம். சிவப்பு என்றால் தொண்டை கிழியக் கத்தினாலும் போகாது.

அந்தக் கணக்கில் இன்னோர் எண் உண்டு. பேசுகிறவர் போனை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்? ஒன்றரை மீட்டர். நின்றுகொண்டிருப்பவரின் காது உயரம். இருபது ஆண்டுகளாக அந்த எண்ணைத் தட்டினேனே, உட்கார்ந்திருப்பவர் கதி என்ன என்று ஒரு நாளாவது கேட்டேனா? படுத்திருப்பவர் கதி என்ன என்று ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் என் அக்கா. தையல்காரி. தெருக்கதவைத் திறந்து ஐந்து படி கீழே இறங்கினால் அவள் அறை. ஒரே ஜன்னல், மார்பு உயரத்தில். அதன் அடியில் தையல் மிஷின். ஒருநாள் கூப்பிட்டாள்.

"டேய், நின்னா பேச முடியுது. மிஷின்ல உக்காந்தா கட்டாயிடுது. என்னன்னு வந்து பாரேன்."

"அக்கா, உன் வீடு படத்துல பச்சைப்பசேல்னு இருக்கு. போனை மாத்து."

"போன் கிடக்கட்டும். நீ வந்து பாத்தியா?"

"எதுக்குக்கா? கணக்குதான் இருக்கே."

"நான் ஆளைப் பாக்காம துணியில கத்திரி வெக்க மாட்டேன்டா. நிக்கவெச்சு ஒரு அளவு, உக்காரவெச்சு ஒரு அளவு. நின்ன அளவுல மட்டும் பேன்ட் தெச்சா, உக்காரும்போது கிழிஞ்சிடும். மானம் யாருக்குப் போகும்?"

சிரிக்கிறீர்கள். நானும் இப்படித்தான் சிரித்தேன். சிரித்துவிட்டு, போகாமல் இருந்துவிட்டேன்.

ஒரு மழைநாள் முற்பகல். அதே வரைபடத்தை மேலதிகாரிகளுக்கு நான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த நேரம், அந்த ஈரப்படியில் வழுக்கி அக்கா அறைக்குள் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கதவு சாத்தியிருந்தது. தெரு இரைச்சலில் அவள் குரல் யார் காதிலும் விழவில்லை. கையில் போன் இருந்தது. பத்து முறை அழைத்தாள். பத்து முறையும் சிக்னல் இல்லை!

என்ன செய்தாள் தெரியுமா? கைக்கெட்டும் தூரத்தில் துணி அளக்கும் மீட்டர் கோல் கிடந்தது. எனக்கு இரண்டு வரி எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்தி, கோலின் நுனியில் அளவு நாடாவால் போனைக் கட்டி, படுத்தபடியே ஜன்னலை நோக்கித் தூக்கினாள். இறக்கிப் பார்த்தாள், போகவில்லை. மறுபடி அழுத்தினாள், மறுபடி தூக்கினாள். மூன்றாம் முறை போயிற்று. ஒரு மீட்டர் கோல், அதைத் தூக்கிப் பிடித்த அரை மீட்டர் கை. எத்தனை உயரம் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

வந்த செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. பதறாம சாப்பிட்டுட்டு வா."

ஐயா, எலும்பு முறிந்து தரையில் கிடந்தவள் என் பசியை நினைத்தாள். பசியே அறியாமல் குளிரூட்டிய அறையில் நின்ற நான், அவளை நினைக்கவில்லையே!

(தண்ணீர் வேண்டாம் தலைவரே. பேசிவிடுவேன்.)

அவளை மருத்துவமனையில் சேர்த்த பிறகு, அந்த அறையில் அலை அளக்கும் கருவியோடு நானே அளந்தேன். நின்றேன், பச்சை. மிஷினில் உட்கார்ந்தேன், இழுபறி. அவள் கிடந்த இடத்தில் படுத்தேன். ஒன்றுமே இல்லை.

ஆகவே என் தோழர்களே, காரின் கூரைமேல் வைத்து அளக்கிறோமே அந்தக் கருவி, அதை இறக்குங்கள்! சக்கர நாற்காலியில் இருப்பவரின் மடிக்கு இறக்குங்கள்! நோயாளியின் கட்டிலுக்கு இறக்குங்கள்! விழுந்து கிடப்பவரின் விரல் நுனிவரை இறக்குங்கள்! படத்தில் பச்சை குறையுமே என்கிறீர்களா? குறையட்டும். மேலிடம் முகம் சுளிக்குமே என்கிறீர்களா? சுளிக்கட்டும்! சிவப்பென்று ஒப்புக்கொண்டால்தான் அங்கே ஒரு சின்ன ஆன்டெனாவாவது வரும். நேற்று என் கையாலேயே அக்காவின் அறையைச் சிவப்பாக்கினேன். என் வேலையில் நான் வைத்த முதல் நேரான தையல் அதுதான்.

இந்தக் கேடயம் பழைய படத்துக்குக் கிடைத்தது. அக்கா, மிஷின் ஆடுகிறது என்றாயே, இதை அதன் காலுக்கு முட்டுக்கொடுக்க வைத்துக்கொள்.

இதோ, போதும் உட்காரு என்று கை காட்டுகிறாள். உட்கார்ந்துவிடுகிறேன் அக்கா. இனி நீ உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கும். கேட்கவில்லை என்றால், வந்து பார்ப்பேன்.

பொறுமையோடு கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்.