வானம்பாடி செய்த திருத்தம்

அந்த மைக்கை வாய்க்கு நேராக வைக்காதீர்கள், அம்மா, மூச்சுக்காற்று அடிக்கும். கொஞ்சம் சாய்த்து வையுங்கள். இருபத்திரண்டு வருஷம் ராக் கச்சேரிகளுக்கு ஒலி அமைத்தவன் சொல்கிறேன். கிழக்கு பெர்லினில் என் காதைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. மற்ற உறுப்புகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆமாம், உங்கள் விசாரணை மேசையில் இருக்கும் அந்தப் பழைய அறிக்கை என் கையெழுத்துதான். 'வானம்பாடி' நான்தான். ரகசியப் போலீசுக்குத் தகவல் கொடுப்பவர்கள் மறைபெயரைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்டில் எங்களுக்கு இருந்த சுதந்திரங்களில் அதுவும் ஒன்று. என்னிடம் அறிக்கை வாங்கும் அதிகாரி என் தொப்பையைப் பார்த்துச் சிரித்தார். நான் பெரிதுபடுத்தவில்லை.

பாடகன் எக்கார்ட் என் நண்பன். அவனுடைய நாலு வயது மகள் மூளைக் காய்ச்சலில் இறந்தாள். அவளுக்காக ஒரு பாட்டு எழுதினான்: 'ஒருநாள் இந்தத் துக்கமும் இடிந்து விழும்.' எங்கள் ஜெர்மன் மொழியில் துக்கம் 'ட்ரௌவர்'; சுவர், ஊரை இரண்டாக்கிய பெர்லின் சுவர் உட்பட, 'மௌவர்'. தொடக்கம்தான் வித்தியாசம். எண்பத்தாறில் ஒத்திகை அறையில் ஒரே ஒரு முறை பாடினான். கேட்டவர்கள் வாத்தியக்காரர்கள் மூன்று பேர். பிறகு, ஹெட்ஃபோன் மாட்டி அதை நாடாவில் பதிந்த நான்.

அறிக்கைகளை நான் இசை விமர்சனம் போல ரசித்து எழுதுவேன். அதிகாரி மேற்கத்திய காபியை ஊற்றிக்கொண்டே, "என்னய்யா ஓர்ட்வின், உப்பும் இல்ல காரமும் இல்ல. ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி எழுதுற" என்றார். எழுதுகிறவனிடம் அப்படிப் பேசக்கூடாது. அடுத்த அறிக்கையில், அந்தப் பாட்டில் 'துக்கம்' இருந்த இடத்தில் 'சுவர்' என்று எழுதினேன். ஹெட்ஃபோன் பழையது, சொல்லின் தலையை விழுங்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எக்கார்டுக்கு இருபது மாதம் சிறை. 'துக்கம்' என்றுதான் பாடினேன் என்று அவன் சொன்னபோது நீதிபதி கொட்டாவி விட்டாராம். வெளியே வந்ததும் என்னிடமே சொன்னான்: "செவுத்துக்குள்ள மைக் வச்சிருக்கானுங்கடா. அதுவும் நம்ம நாட்டுச் சரக்கு, அதான் தப்பாக் கேட்டிருக்கு." நானும் தலையாட்டினேன். உள்நாட்டு உற்பத்தியைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை.

நான் இரக்கமில்லாதவன் அல்ல. அந்த இருபது மாதமும் அவன் மனைவிக்கு நாலாவது மாடிக்கு நிலக்கரி சுமந்தவன் நான். மூச்சு வாங்கும். அங்கே வந்து போனவர்களைப் பற்றி எழுதிக் கொடுத்தேன் என்பதும் உண்மை. போன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டா இருக்க முடியும்?

இதற்குள் குற்றப்பத்திரிகையில் இருந்த அந்த வரி எப்படியோ மேற்கு பெர்லின் வானொலிக்குப் போய்விட்டது. சுவர் உடைந்த நாளில் தெருவெல்லாம் அதைத்தான் பாடினார்கள், அவரவர் மெட்டில். எக்கார்ட் நாயகன் ஆகிவிட்டான். அதுவும் நான் மாற்றிய சொல்லால்.

பிறகு அந்தக் கச்சேரி. தொண்ணூறு அக்டோபர், இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாளின் மத்தியானம். சுவர் நின்ற அதே பொட்டலில் மேடை, எதிரே லட்சம் பேர். மேடையேறுமுன் எக்கார்ட் என் ஒலிப்பலகையில் சாய்ந்துகொண்டு சொன்னான்:

"இன்னைக்கு எழுதின மாதிரியே பாடப் போறேன்டா. இது என் பொண்ணுக்கு எழுதினதுன்னு ஜனங்ககிட்ட சொல்லப் போறேன். ஒரே ஒரு தடவை அவ பாட்டு சத்தமாக் கேக்கணும்."

"இப்ப எதுக்குடா? ஊரே சந்தோஷமா இருக்கு."

"ஊருக்குச் சுவர் விழுந்துடுச்சு. எனக்கு இன்னும் விழலையே."

சுவர் இல்லை, துக்கம் என்று தெரிந்தால், மாற்றியது யார் என்று யாராவது கேட்பார்கள். அதற்காக அல்ல, ஜனங்களின் சந்தோஷத்துக்காகத்தான். அவன் மகள் பெயரைச் சொல்ல வாயெடுத்ததும் அவன் மைக்கின் ஒலியை இறக்கினேன். கூட்டத்தின் பக்கம் வைத்திருந்த மைக்குகளின் ஒலியை ஏற்றினேன். லட்சம் பேர் 'மௌவர்' என்று பாடினார்கள். அவன் உதடு மட்டும் வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவ்வளவு சுத்தமான ஒலியை நான் அதற்கு முன் அமைத்ததில்லை.

"மைக் செத்துடுச்சாடா?" என்று இறங்கி வந்து கேட்டான். "நம்ம கிழக்கு நாட்டுக் கம்பிடா" என்றேன். தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் பாடவில்லை.

அவன் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்கிறீர்கள். ரகசியப் போலீசின் கோப்பைப் படித்துவிட்டானாம், என்னைத் திட்டக்கூட இல்லையாம். அந்த ஒத்திகை நாடா மட்டும் கிடைக்குமா என்று கேட்கிறானாம்.

நாடா இருந்தது. அறிக்கை எழுதுமுன் ஏழு முறை ஓட்டிக் கேட்டேன். ஹெட்ஃபோனில் கோளாறு இல்லை. 'ட்ரௌவர்' மணி மாதிரிக் கேட்டது. கச்சேரி முடிந்த மறுநாள் அதன்மேல் கால்பந்து வர்ணனையைப் பதிந்துவிட்டேன். பூஜ்யத்துக்குப் பூஜ்யம், சுமாரான ஆட்டம்.

அவ்வளவுதான். தட்டச்சு செய்கிறவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள், அம்மா: நான் சொன்னதைச் சொன்னபடி அடிக்கட்டும். ஒரு சொல் மாறினால் ஒரு மனுஷனின் பெயரே கெட்டுவிடும்.