வெள்ளையன்ரை ஓட்டம்

“நிறத்தை நம்பி ஒரு வம்சத்தையே அழிச்சுப் போட்டன், அண்ணை.”

காங்கேசன்துறைக்குப் போகிற கரிக்கோச்சி ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர் இப்படிச் சொன்னதும் நான் வெளியே பார்ப்பதை விட்டுவிட்டேன். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் கேட்டார்:

“ஆற்றை வம்சம்?”

“செத்துப்போன என்ரை சவாரி மாடு வெள்ளையன்ரை. அவனுக்கு ரெண்டு நாம்பன் கண்டு. ஒண்டு தேப்பனை உரிச்ச வெள்ளை, மற்றது தாயைப்போலை சிவலை.”

“வெள்ளை ஓடுதோ?”

“ஓம், வைக்கோலைக் கண்டால்.”

பெரியவர் சிரித்தார். “அப்ப சிவலை?”

“நேற்றுத்தான் வண்டியிலை பூட்டிப் பாத்தன். வெள்ளையன்ரை ஓட்டம் அண்ணை! ஓடேக்கை வாலைத் தூக்கிற விதங்கூட அப்பிடியே.”

“தேப்பன் நிறத்தை ஒருத்தனுக்கும் ஓட்டத்தை மற்றவனுக்கும் பிரிச்சு எழுதிப்போட்டுப் போயிருக்கிறான். அதுக்கேன் அழுகிறாய்? சிவலையைப் பசுவோடை விடு, அந்த ஓட்டம் திரும்பி வரும்.”

எதிரே இருந்தவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

“வெள்ளைதான் பசுவோடை விடுற வித்துக்கெண்டு வைச்சுக்கொண்டு, சிவலையை மாரிக்கு முந்தியே நலமடிப்பிச்சுப் போட்டன். இனி அதுக்குக் கண்டு பிறக்காது.”

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். சுன்னாகம் தாண்டியதும் வெற்றிலையை வெளியே துப்பிவிட்டுக் கேட்டார்:

“அப்ப அந்த வெள்ளையை என்ன செய்யப்போறாய்? விக்கிறதுதானே?”

“மனம் வருகுதில்லை, அண்ணை. படுத்திருக்கேக்கை பாத்தால் அவனேதான்.”