பூதத்தானின் தமிழ் எங்கே போனது?

மாதுங்காவிலிருந்து வந்து தலைமை தாங்கும் மதிப்பிற்குரிய வேங்கடசுப்ரமணியன் அவர்களே! தாராவியின் தோல் கிடங்குகளில் தோள் தேய உழைக்கும் தோழர்களே! பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பெருங்கவலையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நான் எதையும் எளிதில் நம்பாதவன். பால்காரர் அளந்தால் படியைப் பார்ப்பேன். டாக்டர் மருந்து தந்தால் முகர்ந்து பார்ப்பேன்.

போன மாதம் தோல் கட்டு சரிந்து நம் பூதத்தான் தலையில் விழுந்தது. மயக்கம் தெளிந்ததும் மனைவி பூமாரி கேட்டாள்: "ஏங்க, என்னைத் தெரியுதா?" அவர் விழித்தார். "க்யா போல்தீ?" என்றார், என்ன சொல்கிறாய் என்று! அன்றுமுதல் வாயில் வருவதெல்லாம் இந்தி! எப்போது? இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகமே கொதித்தெழுந்த இந்த அறுபத்தைந்தில்! ஊரிலிருந்து புதிதாக வந்த பூமாரிக்கோ ஒரு சொல் இந்தி தெரியாது.

யார் தூண்டினார்கள்? எதற்காக இந்த வேடம்? நம் தமிழ்ச் சங்கச் செயலாளர் இன்னாசிமுத்து தீர்மானமே கொண்டுவந்துவிட்டார்: தமிழ் பேச மறுப்பவரைச் சங்கத்திலிருந்து நீக்கு! நீக்கினால் அவர் குடியிருக்கும் சங்கத்து அறையும் போய்விடும்.

என்ன அண்ணாச்சி? "நடிக்கான்" என்கிறீர்களா? எனக்கும் அதே சந்தேகம்தான்! அதனால் சோதித்தேன். அவர் டீ குடிக்கையில் பின்னால் நின்று, "உம்ம வீட்டுல தீ!" என்று கத்தினேன். அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அதையே இந்தியில் "ஆக் லகீ!" என்றேன். கிளாஸ் விழுந்தது. மனிதர் வீட்டுக்கு ஓடினார். நடிப்பவனால் முதல் கூச்சலுக்கு அப்படி உட்கார்ந்திருக்க முடியுமா?

அப்போதும் நான் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே போனேன். "மூளையில் பேச்சைக் காக்கும் இடத்தில் அடி. சிலருக்குத் தாய்மொழி போய், பிழைப்புக்குப் பழகிய மொழி தங்கிவிடும்" என்றார் மூளை டாக்டர். ஏன் என்றேன். "முழுதாகத் தெரியாது. ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்" என்றார். தெரியாததைத் தெரியாது என்றாரே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவரை நம்பினேன்.

ஆனால் செயலாளர் அவர்களே, உங்களை நம்ப முடியவில்லை! உங்கள் மைத்துனர் நேற்று வந்து அந்த அறையின் சுவரை நூல் பிடித்து அளந்தாரே, எதற்காக? அமைதி, தோழர்களே, அமைதி! பதிலை அவர் சொல்லட்டும்.

இதற்கிடையில் பூமாரி என்ன செய்கிறாள் தெரியுமா? பக்கத்து வீட்டு அப்துல் வாஹித்தின் மனைவியிடம் இந்தி படிக்கிறாள்! நான் மிரட்டினேன்: "தமிழச்சி நீ, இது தகுமா?" அவள் சொன்னாள்: "அவுகளால இங்க வர முடியல அண்ணாச்சி. நான் அங்க போறேன்."

தமிழுக்காகத் தெருவில் நின்றவன் நான், இனியும் நிற்பேன். ஆனால் அடிபட்டவனைத் தெருவில் தள்ளித்தான் தமிழ் வாழ வேண்டுமா? தாய்மார்களே, சம்மதமா? இல்லையென்றால் இந்தத் தீர்மானம் இங்கேயே ஒழியட்டும்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். அதோ கடைசி வரிசையில், நான் பேசியதில் ஒரு சொல்லும் விளங்காமல் பூதத்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மட்டும், இந்தத் தமிழ் மேடையிலிருந்து, பயப்பட வேண்டாம், அறை அவருடையதுதான் என்று அவருக்குப் புரியும் பேச்சில் சொல்கிறேன்:

பூதத்தான் பாய், டரோ மத். கமரா தும்ஹாரா ஹை!