மேட்டை விட்டு இறங்கியவன்

ஓடுகிறேன். நெல் வயல். முழங்கால் வரை சேறு. பின்னால் மேட்டிலிருந்து ரஃபீக் கத்துகிறான். "பின்னால வர்றானுங்க! பாகோ! ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!" கத்தல் நிற்கிறது. பிறகு தகரக்கூரை வெடிக்கும் சத்தம். பட். பட். எரிவது அவன் அண்ணன் யூசுப் பாய் வீடு.

அந்த மேட்டில் நானும் நின்றிருக்க வேண்டும்.

இரண்டாயிரமாம் ஆண்டு. மே மாதம் ஃபிஜியின் தலைநகர் சுவாவில் ஓர் ஆயுதக் கும்பல் இந்திய வம்சாவளிப் பிரதமரைச் சிறைபிடித்து ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் நவுவா ஆற்றுக்கு மேலே இந்தியர்களான எங்கள் பண்ணைகளுக்குக் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். போலீஸ் வரவில்லை. காவலுக்கு யோசனை சொன்னவர் பக்கத்துப் பண்ணை யூசுப் பாய். மாலையில் நங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தால் உஹத் போரைச் சொல்லாமல் எழ மாட்டார். நபிகள் குன்றின்மேல் வில்லாளிகளை நிறுத்தினார். வென்றாலும் தோற்றாலும் இறங்காதீர்கள் என்றார். எதிரி ஓடியதும் பெரும்பாலோர் பொருள் அள்ள இறங்கினார்கள். மக்காவின் குதிரைப்படை பின்பக்கமாக வந்தது. குன்றில் நின்ற சிலர் மாண்டார்கள். "ஜெயிச்ச சண்ட, கைய விட்டுப் போச்சு" என்பார். நான் கிண்டல் செய்வேன். "அவ்வளவு பேராசையா பாய் அவங்களுக்கு?"

மேட்டில் என்னையும் ரஃபீக்கையும் நிறுத்தினார். என்னிடம் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். பின்பாதையில் ஆள் தெரிந்தால் தட்ட வேண்டும். "என்ன ஆனாலும் எறங்காத" என்றார்.

மத்தியானம் முன்பாதையில் வந்தார்கள். எங்கள் ஆட்கள் கத்தியோடு நின்றதும் ஓடினார்கள். பிடித்த மாடுகளை விட்டுவிட்டு ஓடினார்கள். என் உழவு மாடு மிரண்டு ஆற்றுப்பக்கம் போனது.

"எறங்காத அண்ணே!"

"இதோ வந்துடறேன்."

இறங்கினேன். தகரமும் என்னோடு வந்துவிட்டது. மாட்டின் கயிற்றைப் பிடித்தபோது பின்பாதையில் வேறொரு கும்பல். தட்டத் தகரமில்லாமல் ரஃபீக் கத்தினான். குரல் வந்த இடத்துக்கு ஏறினார்கள். நானாவது தட்டியிருக்கலாம். தட்டவில்லை. ஓடினேன். நினைத்தால் இன்றும் வெட்கத்தில் உடல் கூசுகிறது.

ஆற்றங்கரைக் கிராமத்துப் பூர்வகுடி ஃபிஜியர்கள் எங்களைப் படகில் நவுவாவுக்குக் கொண்டுசேர்த்தார்கள். ரஃபீக்கையும் அவர்களே தூக்கி வந்தார்கள்.

பாய் குடும்பத்தோடு நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் புறப்பட்ட அன்று என் தோளைப் பிடித்தார். "எறங்குனவங்கள அல்லா மன்னிச்சுட்டான். குர்ஆன்லயே இருக்கு. அத உங்கிட்ட சொன்னதே இல்ல." அழுதேன். குன்றில் நின்றவர்களைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மறக்கக் கூடாது என்று சொல்லி வைக்கிறேன். எரிந்த வீடுகள் மூன்று. நாட்டை விட்டுப் போன குடும்பங்கள் ஐந்து. செத்தவன் ரஃபீக், இருபத்தாறு வயது. என் வீட்டில் எதுவும் போகவில்லை.