சம்பந்தி வீட்டு வெள்ளை க்ரீம்

— எரியுதாம் சம்பந்தி. நீங்க குடுத்த க்ரீமுதான். கழுவிரலாமா?

— கழுவவே கூடாது நல்லம்மாக்கா. எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்லா. ஈப்போவுல என் கடைக்கு வர்ற கஸ்டமர் எல்லாருக்கும் இதத்தான் சொல்றேன்.

— அதில்ல சம்பந்தி, க்ரீமு வேற தே தாரேக் டீ கலருக்கு வந்துருச்சு...

— வராதா பின்ன? மாப்பிள்ள மூஞ்சியில இருந்த கருப்பெல்லாம் க்ரீமுல எறங்குதுலா. அரை மணி நேரம் அப்படியே விடுங்க.

— இல்ல சம்பந்தி, இது எம் மவன்...

— ஒங்க மவன்தான், யாரு இல்லைன்னா? க்ரீம் குடுத்தப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க. வர்ற வெள்ளிக்கெழம கல்யாணம். எம் பொண்ணு லோகா பக்கத்துல நிக்கிறப்ப போட்டோவுல பல்லு மட்டும் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?

— பூசுறதுக்கு முந்தியே அந்தக் கலருதான் சம்பந்தி.

— முந்தியேவா? நான் குடுக்கறப்ப பாலு மாதிரி இருந்துச்சே.

— எங்க வீட்டுல புதுசா எது வந்தாலும் மொதல்ல சாமிக்கு வெப்போம். பிளாஸ்டிக் டப்பாவ சாமி முன்னால வெக்க மனசு வரல. பித்தளைக் கிண்ணத்துல வழிச்சு, வெளக்குப் பக்கத்துல வெச்சேன். ஒரு வாரமா அங்கதான் இருந்துச்சு.

— மூடாமயா?

— சாமிக்கு வெக்கிறத யாராச்சும் மூடி வெப்பாங்களா?

— ஐயோ அக்கா. அதுல தோலு வெளுக்க ஹைட்ரோகுவினோன்னு ஒரு மருந்து கலந்திருக்கேன். காத்து, வெளிச்சம் பட்டாலே கெட்டுரும். பித்தளை வேறயா, கேக்கவே வேணாம். கெடாம இருக்க இன்னொரு பவுடர் சேக்கணும்.

— சேத்தீங்கதானே?

— அத சேத்தா தீக்குச்சி வாடை அடிக்குதுலா. மோந்து பாத்துட்டு கஸ்டமர் அப்படியே வெச்சுட்டுப் போயிடுறாங்க. அதான் அத விட்டுட்டு ரோஸ் வாசனை ஊத்திட்டேன்.

— இப்ப அரை மணி நேரம் விடவா, வேணாமா?

— ஒரு நிமிசம் கூட விடாதீங்க! தோலு வெந்துரும். திட்டுத்திட்டா கறுத்துரும், வருசக்கணக்குல போவாது. கல்யாண மேடையில அந்த மூஞ்சியோட நின்னா என் கடைப் பேரு என்னாவுறது? சீக்கிரம் கழுவச் சொல்லுங்கக்கா.

— இருங்க சம்பந்தி... லோகா, பைப்படிக்கு ஓடும்மா! அளவு ஜாக்கெட்டு குடுக்க வந்த எடத்துல, சாமி கிண்ணத்துல இருந்து நீ எடுத்துப் பூசுனது சந்தனம் இல்லியாம், ஒங்கம்மாவே சொல்லிட்டாங்க.